பதினைந்து பேருக்கு ஒரு கையெழுத்து

தர்மபுரம்,
28.05.1998

அன்பின் அத்தான் அவர்களுக்கு,

பத்மாசனி எழுதுவது. நானும் மகனும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் வயிற்றுத் தையல் முழுதாக ஆறிவிட்டதா, முகாமில் மழைத் தண்ணீர் வராத இடத்துக்கு மாற்றித் தந்தார்களா என்பதை அறிந்தால்தான் எனக்கு ஆறுதல். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் தருகிறவனை நீங்கள் முதலில் ஏற இறங்கப் பார்த்திருப்பீர்கள். ஒரு வருடத்தில் உங்களைவிட உயர்ந்துவிட்டான். வாசிக்க முன்னர் அவனை இருத்திச் சாப்பிட ஏதாவது கொடுங்கள். கடிதம் எங்கேயும் ஓடிவிடாது.

செஞ்சிலுவைக்காரர் மூலம் வந்த உங்கள் சிறிய கடிதத்தில், பெடியள் எப்படி விளையாடுகிறார்கள் என்று மூன்று இடத்தில் கேட்டிருந்தீர்கள். நான் எப்படி என்று ஓரிடத்தில். எனக்குக் கோபமில்லை. சத்திரசிகிச்சைக்கு என்று ஒரு கிழமைக்கு வேண்டிய உடுப்போடு வவுனியாவுக்குப் போன மனிதர், பின்னால் பாதை பூட்டுப்பட்டு, முன்னாலும் போக விடாமல் பின்னாலும் வர விடாமல் ஒரு வருடமாக அடைபட்டிருந்தால் எதைத்தான் நினைப்பார்? நான் இருக்கிற மாதிரி இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அணிதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் போனபின் பயிற்சி கொடுக்க ஆளில்லை. அதிபர் நல்லதம்பி சேர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, குகதாசன் மாஸ்ரரின் விசில் உங்களிடம்தானே இருக்கிறது, பின்னேரத்தில் அதை ஊதிக்கொண்டு நின்றால் போதும் என்றார். கணக்கு ரீச்சர் விசில் ஊதுவதைப் பார்க்கப் பள்ளிக்கூடமே திரண்டு வந்தது. முதல் மாதம் நான் ஊதினேன், அவர்கள் சிரித்தார்கள். இப்போது அவர்கள் சிரிப்பதில்லை. வெட்டி முடிந்த வயலில் இரண்டு வரம்பைத் தட்டி மட்டமாக்கி மைதானம் ஆக்கியிருக்கிறோம். பந்து நீங்கள் விட்டுச்சென்ற அதே பந்துதான். தையல் பிரிந்த இடமெல்லாம் சாக்குத் தைக்கிற நூல். பறந்து வரும்போது ஒரு பக்கமாகச் சரிந்துதான் வரும். பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள். அதனால் போட்டிக்கு வவுனியா வந்து நல்ல பந்தைக் கண்டதும் தடுமாறுவார்கள். முதல் நாளே அவர்களுக்கு ஒரு நல்ல பந்து கொடுத்து உதைக்க விடுங்கள்.

மாகாணப் போட்டிக்கு எங்களைத் தெரிவு செய்தது கெட்டித்தனத்தால் என்று நினைக்க வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் மற்றப் பாடசாலைகளுக்குப் பதினொரு பேர் சேரவில்லை. எங்களிடம் சேர்ந்தார்கள். அதுதான் எங்கள் முதல் பலம்.

முகாமிலிருந்து உங்களை விடுவார்கள், நீங்கள் மைதான ஓரத்தில் நிற்பீர்கள் என்று அதிபர் சொல்கிறார். அப்படியானால் இவர்களை நீங்கள் விட்டுப்போன அணி என்று நினைத்து விளையாட விடாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

கோல் காப்பது கிருபன். உயரப் பந்துக்கு அவனை நம்பலாம், வானத்திலிருந்து பறித்தெடுப்பான். ஆனால் இடது பக்கமாக விழமாட்டான். பயம் என்று நினைத்து நான் பலநாள் ஏசினேன். பிறகுதான் சொன்னான், கிளிநொச்சியிலிருந்து ஓடிவந்தபோது பட்ட ஷெல் துண்டு இன்னும் அந்தத் தோளுக்குள் இருக்கிறது என்று. எதிரணி கண்டுபிடித்தால் அந்த மூலைக்கே அடிப்பார்கள். ஆகவே இடது பின்வரிசையில் சௌந்தர்ராஜைத் தவிர எவரையும் போடாதீர்கள்.

சௌந்தர்ராஜ் மாயாண்டியின் மகன். கச்சான் கடலைத் தோட்டத்துக்கு அப்பால், எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து குடியேறிய சனத்தில் ஒரு குடும்பம். நீங்கள் இருந்தபோது அவன் மைதானத்துக்கு வந்ததில்லை. தகப்பனோடு தோட்டத்தில் நிற்பான். வெறுங்காலால் விளையாடுகிறான். அதிகம் கதைக்கமாட்டான். பந்து எங்கே வரும் என்று மற்றவர்கள் ஓடிப்போய்ப் பார்க்க, அவன் நடந்துபோய் அங்கே நிற்பான். அணியில் ஆகச் சிறந்தவன் யார் என்று கேட்டால் நான் எங்கள் மகனைச் சொல்லமாட்டேன், அவனைத்தான் சொல்வேன்.

பலவீனம் முன்வரிசையில். அங்கே நின்ற இருவர் மாசி மாதம் போய்விட்டார்கள். எங்கே என்று நான் எழுதத் தேவையில்லை. இப்போது நிற்கிறவர்கள் பந்தை அழகாகக் கொண்டுபோவார்கள். கோலுக்கு முன்னால் வந்ததும் எல்லாரும் மரியாதைக்காரர் ஆகிவிடுவார்கள். நீ அடி, இல்லை நீ அடி என்று மாறி மாறிக் கொடுத்துப் பந்தைத் தொலைப்பார்கள். ஏன் என்று யோசித்தேன். முன்னுக்கு நிற்கிறவனில்தான் கண் படும், பின்னுக்கு நில் என்று இரண்டு மூன்று வருடமாக ஒவ்வொரு தாயும் சொல்லி வளர்த்த பிள்ளைகள் இவர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். விசில் ஊதி அதை மாற்ற முடியவில்லை.

எங்கள் பிரதீபனும் அப்படித்தான். நடுவில் நின்று எல்லாருக்கும் பந்து பிரித்துக் கொடுப்பான். யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அவனுக்கு முதுகாலும் தெரியும். தானாக ஒரு பந்தும் அடிக்கமாட்டான். தாய் சொல்லிக் கேட்கவில்லை. தகப்பன் சொன்னால் அடிப்பானோ தெரியாது.

இரண்டாம் பாதியில் இவர்கள் விழுந்துவிடுவார்கள். பயிற்சி போதாது என்று ஏசாதீர்கள். நிவாரணம் இந்த மாதமும் வெட்டுப்பட்டது. காலையில் தேத்தண்ணியோடு வந்து பின்னேரம் ஓடுகிறவர்கள். வடிவம்மாவும் நானும் சேர்ந்து பள்ளிக்கூடக் கொட்டிலில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். அது ஒரு பாதிக்குத்தான் காணும்.

இன்னொன்று. ஹெலிச் சத்தம் கேட்டால் எல்லாரும் நிலத்தோடு படுத்துவிடுவார்கள். பந்து கோலுக்கு முன்னால் கிடந்தாலும் படுப்பார்கள். அங்கே ஹெலி அடிக்கடி வந்து இறங்குமாமே. நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பார்க்கிற சனம் சிரித்தால் பிள்ளைகளுக்கு மனம் விட்டுப்போகும்.

இங்கிருந்து வெளியே போகிற பாஸ் பதினைந்து பேருக்கு. பதினான்கு பேரை யோசிக்காமல் தெரிவுசெய்துவிட்டேன். அந்தச் செய்தி பரவிய நாளிலிருந்து வீட்டு வாசலில் ஆள் மாறி ஆள். இதற்கு முன் பந்தின் பக்கமே மகனை விடாதவர்கள்கூட, அவன் சின்னனிலிருந்தே நல்லாய் உதைப்பான் ரீச்சர் என்றார்கள். நான் எவரையும் குறை நினைக்கவில்லை. கடைசியாக வடிவம்மா வந்தா. மூத்தவள் தர்மிளாவின் படம் அவவின் வீட்டில் மாலையோடு தொங்குவது உங்களுக்குத் தெரியும். இருப்பது யோகநாதன் ஒருவன்தான். அவன் ஓடினால் பந்து நின்று பார்க்கும். அவ ஒன்றும் கெஞ்சவில்லை. கஞ்சிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “இவனும் ஒருக்கா வவுனியாவைப் பாக்கட்டுமே ரீச்சர்” என்றா. பதினைந்தாவது பெயர் யோகநாதன். அவனை இறக்க வேண்டாம். ஓரத்தில் வைத்திருங்கள்.

பாஸ் கொடுக்கிற இடத்தில் ஓர் ஆசிரியர் பிணை நிற்கவேண்டும் என்றார்கள். பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கையெழுத்து வைத்துவிட்டு இங்கேயே இருக்கவேண்டும். நல்லதம்பி சேர் அணியோடு வருகிறார். மற்ற ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. எல்லாம் உண்மையான காரணங்கள். கையெழுத்து இல்லாவிட்டால் ஒருவரும் போகமுடியாது. நான் வைத்தேன். அங்கே இருந்த பொறுப்பாளர் எங்கள் பழைய மாணவர்தான். “உங்கட மகனும் போறார், ரீச்சர்” என்றார். பதினைந்து பேருக்கும் ஒரே கையெழுத்துத்தானே என்றேன்.

பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்வது வேதவாக்கு. மகனும் கேட்பான். ஆகையால் அவனிடம் எதைச் சொன்னாலும் ஆறுதலாக யோசித்துச் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். என்னை நினைத்து ஒன்றையும் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம்.

உங்கள் உடம்புக்கும் பிள்ளைகளின் காலுக்கும் காவலாக அந்தப் புதூர் நாகதம்பிரானை வேண்டும்,
உங்கள் பத்மாசனி


தர்மபுரம்,
21.06.1998

அன்பின் அத்தான் அவர்களுக்கு,

உங்கள் பத்மாசனி எழுதுவது. மகன் பத்திரமாக வந்து சேர்ந்தான். நீங்கள் கொடுத்துவிட்ட சேட்டும் உங்கள் கடிதமும் வந்தன. பற்றரியையும் சவுக்காரத்தையும் ஆமியின் சோதனையில் எடுத்துவிட்டார்களாம். இந்தக் கடிதத்தை மருத்துவமாது விமலேஸ்வரி அக்கா கொண்டுவருகிறா. அவவை நோயாளியோடு அனுப்புகிறார்கள், பெரிதாகச் சோதிப்பதில்லை. அதனால் போன முறை எழுதாததையும் எழுதுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டபடி முதலில் விளையாட்டு. முதல் மட்ச்சில் வென்றதையும் இரண்டாவதில் தோற்றதையும் நீங்களே பார்த்தீர்கள். பிள்ளைகள் சொன்னதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது, என் கணக்கு ஓரிடத்தில் பிழைத்துவிட்டது. இரண்டாம் பாதியில் ஒருவரும் விழவில்லையாம். மூன்று நேரமும் சோறு கிடைத்தது, ரீச்சர், நாங்கள் ஓடினோம் என்று கிருபன் சொன்னான். அதைக் கேட்டபின் அன்று கொட்டிலில் எனக்குக் கஞ்சி காய்ச்சக் கை எழவில்லை.

அவர்கள் வருகிற நாளில் நாங்கள் சந்தியில் காத்திருந்தோம். எல்லாத் தாய்மாரும் வந்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. எந்தத் தாய் எதற்காக வந்து நிற்கிறா, மகனைக் கூட்டிச்செல்லவா, அவன் வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளவா என்பது எனக்கு விளங்கவில்லை. என்னைப் பற்றியே எனக்கு விளங்கவில்லை. பிரதீபன் பஸ்ஸில் இருக்கக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டு நின்றேன். வராவிட்டால் எனக்கு என்ன நடக்கும் என்று தெரியும். அதற்கு ஒரு துணிப்பையில் இரண்டு சேலையும் எடுத்து வைத்திருந்தேன்.

மண்ணெண்ணெய்ப் புகையோடு பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியவன் யோகநாதன். வடிவம்மா அவனை ஒரு கணம் பார்த்தா. பிறகு கன்னத்தில் ஓங்கி அறைந்தா. “ஏன்ரா வந்தனி?” என்று கேட்டா. அவன் அழுதுகொண்டு, உங்களை நினைச்சுப் பயமாய்க் கிடந்தது அம்மா என்றான். அவ அந்தக் கையாலேயே அவன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் இருந்துவிட்டா. அத்தான், அந்தத் தெருவில் நின்ற எல்லாரும் அவனை வராதவனாகத்தான் நினைத்து வைத்திருந்தோம்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். பஸ் வெறுமையானது போல் இருந்தது. மகன் இல்லை, நின்றுவிட்டான் என்று என் மனம் ஆறுதலாகி மூச்சு விட்ட நேரத்தில், பின்கதவால் பந்தையும் பையையும் தூக்கிக்கொண்டு அவன் இறங்கினான். எனக்குச் சந்தோஷம் வந்தது. வரக்கூடாத சந்தோஷம். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். உங்கள் சேட்டைப் போட்டிருந்தான். உங்கள் மணம் இருந்தது. வடிவம்மாவைப் போல ஓர் அடி அடித்திருக்கவேண்டும். என்னால் முடியவில்லை.

பிறகுதான் நல்லதம்பி சேர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். சௌந்தர்ராஜ் இல்லை. வவுனியாவிலிருந்து வெளிக்கிட்ட காலையில் அவன் படுத்த பாய் சுருட்டியிருந்ததாம். மேலே அவன் விளையாடிய பள்ளிக்கூடச் சேட் தோய்த்துக் காயவைத்து மடித்திருந்ததாம். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. மலையகத்தில் ஹற்றன் பக்கம் மாமன் இருப்பதாக எப்போதோ கிருபனுக்குச் சொல்லியிருக்கிறான்.

அடுத்தநாள் இயக்கத்தின் பாஸ் கந்தோருக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். நான் பையோடு போனேன். அங்கே மாயாண்டி எனக்கு முன்னரே வந்து வாசலில் குந்தியிருந்தார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகன் தன்னிடமும் சொல்லவில்லை என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணினார். நான் நம்பினேன். இத்தனைக்கும், என் வாசலுக்கு வந்து கேட்காத ஒரே தகப்பன் அவர்தான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தது அதே பொறுப்பாளர்தான், உங்களுக்குத் தெரிந்த பெடியன். தொண்ணூற்று மூன்றில் உங்கள் அணியில் வலது கரையால் ஓடியவர். இப்போது ஒரு கால்தான் இருக்கிறது. முதலில் எழுத்தில் உள்ளதையெல்லாம் வாசித்தார். அதன்படி நான்தான் பொறுப்பு என்றார். நான் ஓம் என்றேன். அப்போது மாயாண்டி குறுக்கே வந்தார்.

“டீச்சர் படிச்சிக் குடுக்கிறவங்க. அவங்கள வச்சிக்கிட்டு என்னா செய்யப் போறீங்க? எம் புள்ள செஞ்சதுக்கு என்னய வச்சிக்கிங்க. மண்ணு வெட்டுவேன். அது எனக்குத் தெரியும்.”

அந்தப் பெடியன் கனநேரம் பேனையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். கடைசியில் முடிவு இதுதான். மாயாண்டி முன்னரங்கில் பதுங்குகுழி வெட்டும் வேலைக்குப் போகவேண்டும். எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இனிப் பாஸ் இல்லை. எங்கள் பள்ளிக்கூட அணி இனி வெளியே போகாது. மாயாண்டி முந்தநாள் போய்விட்டார். போகும்போது கச்சான் ஒரு பை கொண்டுவந்து வைத்துவிட்டு, புள்ளைங்களுக்கு அவிச்சிக் குடுங்க டீச்சர் என்றார். அவரை மறிக்க என்னால் முடியவில்லை. அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்று அன்று என் வாயும் சொல்லவில்லை. மகனைத் தனியே விடப் பயம்.

நான் வெளியே வர எழுந்தபோது அந்தப் பெடியன் தலையைக் குனிந்தபடி, ஒருவருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னான்: “பிரதீபனை மைதானத்திலை கனக்க விடாதேங்கோ, ரீச்சர். நல்லாய் விளையாடுறான் எண்டு கதைக்கினம்.”

அன்று தொடக்கம் மகன் மைதானத்துக்குப் போவதில்லை. அணியும் கலைந்த மாதிரித்தான். அவனுக்கு ஆவணியில் பதினெட்டு முடிகிறது, இயக்கத்துக்கு ஆள் கேட்டு வருவார்கள். வீட்டு வளவுக்குள் அடைத்து வைத்திருக்கிறேன். வாகனச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறக்குகிறேன். முன்னர் கிபிர் விமானத்துக்கு இறங்கினான். இப்போது மோட்டார்சைக்கிளுக்கும் இறங்குகிறான். அவன் என்னோடு கோபிப்பதில்லை. கோபித்தால் நல்லது என்று இருக்கிறது. முகாமில் நீங்கள் முள்ளுக்கம்பிக்குள், இங்கே இவன் வேலிக்குள், இருவருக்கும் நடுவில் கையெழுத்து வைத்த நான்.

ஏன் வந்தாய் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நில் என்று அப்பா சொல்லவில்லையா என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் நிண்டால் உங்களைப் பிடிப்பினம் எண்டு அப்பாவும் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை அம்மா. ரெண்டுபேரும் கடைசிவரைக்கும் மட்ச்சைப் பற்றித்தான் கதைச்சனாங்கள். பஸ் வெளிக்கிடேக்கை அப்பா ஜன்னலைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தவர். அவரும் ஒண்டும் சொல்லேல்லை.”

நீங்கள் உங்கள் கடிதத்தில், அவனை நிறுத்தாமல் விட்டதற்கு உன்னிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், அத்தான். நீங்கள் நிறுத்தியிருந்தால் நான் உங்களைக் கும்பிட்டிருப்பேன். நிறுத்தாததற்கும் கும்பிடுகிறேன். எது சரி என்று நான் இரவு பகலாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். விடை வருகிற கணக்கு அல்ல இது.

ஓர் உதவி கேட்கிறேன். சௌந்தர்ராஜ் இன்னும் வவுனியாவில்தான் எங்கேயாவது ஒளிந்திருப்பான். அங்கிருந்து மேலே போக அவனுக்கும் ஆமியின் பாஸ் வேண்டுமே. மலையகத்துச் சனம் கூலி வேலைக்கு நிற்கிற சந்தைப் பக்கம் விசாரியுங்கள். உங்களை மைதானத்தில் கண்டவன், உங்களிடம் வரப் பயந்துகொண்டு திரிவான். கண்டால் ஏசாதீர்கள். முகாமில் தருகிற உங்கள் பங்குச் சோற்றில் பாதியென்றாலும் கொடுங்கள். தகப்பன் சுகமாகத் தோட்டத்தில் நிற்கிறார் என்று சொல்லுங்கள். ரீச்சருக்கு ஒன்றும் நடக்கவில்லை, முன்போலவே விசில் ஊதிக்கொண்டு திரிகிறா என்று சொல்லுங்கள். திரும்பி வர அவன் நினைத்தால் விடாதீர்கள். கையைப் பிடித்தென்றாலும் மறியுங்கள். இந்த ஒருவனையாவது மறியுங்கள், அத்தான்.

தையல் போட்ட இடத்தில் பாரம் தூக்கவேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எங்கள் பிள்ளை எங்கே இருந்தாலும் நல்லாய் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் நீங்களும் விளக்கு வையுங்கள்.

என்றும் உங்கள்,
பத்மாசனி